சித்தம் கலங்கியபோது செய்ததும் வினையோ?



வைகாசி விசாகம் எமக்கு முருகப்பெருமானின் திருநாள். அந்தப் பூரணையை ஒட்டியே பௌத்தர்கள் வெசாக் கொண்டாடுகின்றனர். ஆகவே இம்முறை புத்தபெருமான் தம் சங்கத்தில் வழங்கிய ஒரு தீர்ப்பைப் பற்றிச் சிந்திக்கலாம் என்று எண்ணினேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. பூசை முடிந்து பிரசாதம் வாங்கிய பின், மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, தணிந்த குரலில் சிலர் கேட்கும் கேள்வி இது. "ஐயா, அப்பாவுக்கு மறதி நோய். மருமகள் நகையைத் திருடிவிட்டாள் என்று நாள்தோறும் ஏசுகிறார். அவள் பச்சைத்தண்ணீர் குடிக்காமல் அவரைப் பார்க்கிறவள். இந்தப் பழிச்சொல்லின் பாவம் அவரைச் சேருமா?" இன்னொரு தாய் கேட்பார்: "மகன் வருத்தம் கூடியபோது என்னை அடித்துப்போட்டான். தாயை அடித்த கைக்கு என்ன கதி?" வேறொருவர், சாமிப்படத்தை உடைத்த தன் மனைவிக்காகப் பரிகாரம் கேட்பார்.

கேள்வி ஒன்றுதான். நோய் மனத்தைப் பிடித்திருக்கும்போது செய்யப்படும் செயலுக்கு யார் பொறுப்பு?

புத்த சமயமா, அதுவும் கோயில் மலரிலா என்று சிலர் முகம் சுளிக்கலாம். 1983க்குப் பின் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த எம்மவருக்குக் காவியுடை என்றதும் எந்த நினைவுகள் எழும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அரசியல்வாதியின் கையில் அகப்பட்ட சமயம் வேறு, ஏட்டில் உள்ள தருமம் வேறு. மணிமேகலையைப் பாடிய சாத்தனார் தமிழர். அவள் சென்ற மணிபல்லவம் எங்கள் நயினாதீவே என்று கருதும் அறிஞர் பலர். துறவியருக்கான ஒழுக்க விதிகளை விநயம் என்பர். அந்த விநயத்துக்குப் பாளி மொழியில் புகழ்பெற்ற செய்யுட் கைநூலை எழுதிய புத்ததத்தர், அதனைச் சோழநாட்டுப் பூதமங்கலத்திலிருந்தே எழுதினார். இங்கே பேர்ண் நகரில், 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட சமயங்களின் இல்லத்தில், சைவக் கோயிலும் பௌத்தர்களின் வழிபாட்டு இடமும் ஒரே கூரையின் கீழ்த்தான் இருக்கின்றன. ஆகவே அயலாரின் பெட்டியைத் திறப்பதாக யாரும் எண்ண வேண்டியதில்லை. எங்கள் வீட்டுப் பழைய பெட்டகத்தையே திறக்கிறோம்.

முதலில் வினை என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். செயலைப் பார்த்து வினை என்று புத்தர் சொல்லவில்லை. செயலுக்குப் பின்னால் நிற்கும் எண்ணத்தையே, பாளியில் சேதனா எனப்படும் அந்த நினைந்து முனைதலையே, வினை என்றார். இதற்குத் தம்மபதத்தின் முதற் செய்யுளுக்கு உரைகாரர் சொல்லும் கதையே போதும். சக்குபாலர் என்னும் கண்பார்வை இழந்த முதிய துறவி, இரவு மழை பெய்த நிலத்தில் உலாவியபோது, பல பூச்சிகள் அவர் காலடியில் நசுங்கின. காலையில் வந்து பார்த்த துறவிகள் புத்தரிடம் முறையிட்டனர். அவர் கொல்வதை நீங்கள் கண்டீர்களா என்று புத்தர் கேட்டார். இல்லை என்றனர். நீங்கள் அவரைக் காணாதது போலவே அவரும் பூச்சிகளைக் காணவில்லை, கொல்லும் எண்ணம் இல்லாதவரிடம் கொலை இல்லை என்று முடித்துவிட்டார்.

கண் இல்லாதவருக்கு இது எளிதாகப் பொருந்துகிறது. ஆனால் நோயால் சித்தம் கலங்கியவர் கண்டுதான் அடிக்கிறார், தெரிந்துதான் ஏசுகிறார் போலத் தோன்றுகிறதே. அங்கேதான் கக்கர் வருகிறார்.

கக்கர் புத்தரின் காலத்திலே சங்கத்தில் இருந்த ஒரு துறவி. அவருக்குச் சித்தக்கலக்கம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை துறவிகள் எல்லோரும் கூடி விதிகளை ஓதும் நாளை உபோசதம் என்பர். ஓர் எல்லைக்குள் உள்ள அனைவரும் வந்தே ஆகவேண்டும். ஒருவர் குறைந்தாலும் கூட்டம் செல்லாது. கக்கர் சில வேளை நினைவோடு வருவார், சில வேளை நினைவில்லாமல் வரமாட்டார். மற்றவர்களுக்குப் பெரிய சிக்கல். இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று புத்தரிடம் கேட்டனர். எங்களுடைய நிர்வாக சபை ஒன்றில் இப்படி ஒரு பிரச்சினை எழுந்தால் என்ன முடிவு வரும் என்று சற்று எண்ணிப் பாருங்கள். புத்தர் அவரை வெளியேற்றச் சொல்லவில்லை. எல்லோரும் அவருக்காகக் காத்திருங்கள் என்றும் சொல்லவில்லை. கக்கர் சித்தம் கலங்கியவர் என்பதைச் சபையில் முறைப்படி அறிவித்து ஏற்றுக்கொள்ளுங்கள். அதன்பின் அவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், வந்தாலும் வராவிட்டாலும், சங்கம் தன் கடமையைச் செய்யலாம் என்றார். மறைக்கவில்லை, துரத்தவில்லை, கூட்டமும் நிற்கவில்லை. இருபத்தைந்து நூற்றாண்டுக்கு முந்திய ஏற்பாடு இது.

விநயத்தில் பிக்குகளுக்கு 227 விதிகள். பெரும்பாலான விதிகளின் விளக்கத்தின் முடிவில் யாருக்குக் குற்றமில்லை என்று ஒரு பட்டியல் வரும். சித்தம் கலங்கியவர், மனம் சிதறியவர், வேதனையால் தன்வசம் இழந்தவர், அந்த விதி வருவதற்கு முன்பே அச்செயலை முதன்முதலாகச் செய்தவர். உயிர்க்கொலை போன்ற மிகப் பெரிய குற்றத்திற்கும் இந்த விலக்கு உண்டு. மூன்றாவதாகச் சொன்னதைக் கவனியுங்கள். உடல்வலி கூட ஒருவரைத் தன்வசம் இழக்கச் செய்யும் என்பது அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. புற்றுநோய் முற்றிய நிலையில் பெற்ற பிள்ளையைத் தூற்றிவிட்டுக் கண்மூடிய தாயைப் பற்றி இன்னும் நெஞ்சு வெந்துகொண்டிருப்பவர்கள் இந்த ஒரு சொல்லை நினைவில் வைத்திருக்கலாம்.

சித்தம் கலங்கியவரை எப்படி அறிவது? பிற்கால உரையாசிரியர்கள் ஓர் அளவு தருகிறார்கள். நெருப்பையும் பொன்னையும், மலத்தையும் சந்தனத்தையும் ஒன்றுபோலக் கையாள்பவர். நல்லது எது, தீங்கு எது என்ற பிரிவு அறுந்துபோனவர். காரணமாக அவர்கள் பித்தத்தையும் சொல்வார்கள், யட்சர் பிடிப்பதையும் சொல்வார்கள். எங்கள் ஊரிலே பேய் பிடித்தது, செய்வினை என்று சொல்வதைப் போன்றதுதான். ஆனால் பேய் என்றே வைத்துக்கொண்டாலும் பௌத்த ஏடு அங்கே தண்டனையைப் பேசவில்லை. மனிதரல்லாதவர் பிடித்த நோயால் வருந்திய ஒரு பிக்கு பச்சை இறைச்சியும் பச்சை இரத்தமும் உட்கொண்டு குணமடைந்தார் என்றும், அந்த நோய்க்கு அதனைப் புத்தர் அனுமதித்தார் என்றும் விநயத்திலேயே இருக்கிறது. கேட்க அருவருப்பாக இருக்கலாம். ஆனாலும் அவர் அதை மருந்துப் பகுதியில் வைத்தாரேயொழியக் குற்றப் பகுதியில் வைக்கவில்லை.

கக்கரின் கதை இத்துடன் முடியவில்லை. பின்னொரு காலம் அவர் குணமடைந்தார். நோயின்போது அவர் துறவிக்கு ஒவ்வாத பலவற்றைச் சொல்லியும் செய்தும் இருந்தார். இப்போது தெளிந்த கக்கரைப் பிடித்துக்கொண்டு, இன்ன குற்றம் செய்தீர் நினைவிருக்கிறதா என்று சிலர் கேட்கத் தொடங்கினர். நான் அப்போது சித்தம் கலங்கியிருந்தேன், எனக்கு நினைவில்லை என்று அவர் சொன்னார். சொல்லியும் அவர்கள் விடவில்லை. மேலும் மேலும் குத்திக் கேட்டனர். இது எங்கள் ஊரிலும், இங்கே சூரிச்சிலும் பாசலிலும் நடக்கிற ஒன்றுதானே? குணமாகி வேலைக்குப் போகிற பிள்ளையைக் கல்யாண வீட்டில் கண்டால், "அந்த நேரம் நீ என்ன ஆட்டம் ஆடினாய் தெரியுமா" என்று சிரித்துக்கொண்டு கேட்கும் சித்தப்பாமார் எத்தனை பேர்!

புத்தருக்கு இச்செய்தி எட்டியபோது, குற்றஞ்சாட்டிய பிக்குகளை அவர் கண்டித்து, ஒரு புதிய விதியை ஏற்படுத்தினார். அமூள்ஹ விநயம் என்பது அதன் பெயர். இப்போது மயக்கம் நீங்கியவருக்கு வழங்கும் தீர்ப்பு என்று பொருள் கொள்ளலாம். கக்கர் சபைக்கு வந்து, மேலாடையை ஒரு தோளில் ஒதுக்கி, மூத்தோரை வணங்கி, தாம் நோயுற்றிருந்ததையும் தெளிந்ததையும் சொல்லி மூன்று முறை கேட்க வேண்டும். சபை அதனை முறைப்படி அறிவித்து வழங்கும். அதன்பின் அந்தக் காலத்தைப் பற்றி அவரை யாரும் கிளறக்கூடாது. வழக்கு அடங்கியது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது, இது மன்னிப்பு அல்ல என்பது. மன்னிப்பு என்றால் குற்றம் இருந்தது, விட்டுவிடுகிறோம் என்று ஆகும். இங்கே சபை சொல்வது வேறு. குற்றமே இல்லை, ஆகவே விடுவதற்கும் எதுவுமில்லை என்பதே.

அப்படியானால் யாரும் நோயைச் சாட்டித் தப்பிவிடலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் ஏட்டில் இடம் உண்டு. மூன்று பேருக்கு இத்தீர்ப்பை வழங்குவது முறைகேடு என்கிறது விநயம். நினைவிருந்தும் நினைவில்லை என்பவர் ஒருவர். நினைவிருந்தும், கனவு கண்டது போல ஏதோ இருக்கிறது என்று மழுப்புபவர் மற்றவர். சித்தக்கலக்கம் இல்லாமலேயே விசரர் போல நடிப்பவர் மூன்றாமவர். கனவு போல என்று சொல்லும் அந்த இரண்டாவது ஆளை நினைத்தால் சிரிப்பு வருகிறது. எல்லாக் காலத்திலும் மனிதன் ஒரே மனிதன்தான்.

குடிவெறியும் அந்த விலக்குப் பட்டியலில் இல்லை. சாகதர் என்னும் துறவி, ஒரு கொடிய நாகத்தை அடக்கிய ஆற்றலுடையவர் என்று பெயர் பெற்றவர். அவர் கோசாம்பி நகருக்கு வந்தபோது, மகிழ்ந்த மக்கள் வீட்டுக்கு வீடு மதுவை ஆயத்தம் செய்து கொடுத்தனர். வெளியேறும்போது நகர வாயிலிலே விழுந்துவிட்டார். தூக்கிவந்து புத்தரை நோக்கித் தலைவைத்துக் கிடத்தினார்கள். அவரோ புரண்டு, புத்தரை நோக்கிக் காலை நீட்டிக் கிடந்தார். நாகத்தை அடக்கியவர் இப்போது ஒரு தண்ணீர்ப்பாம்பையாவது அடக்குவாரா என்று புத்தர் கேட்டார். அதன்பின் விதி வந்தது. எதற்கு? குருவை நோக்கிக் கால் நீட்டியதற்கு அல்ல. குடித்ததற்கு. கால் நீட்டும்போது அவரிடம் மனம் இல்லை. கிண்ணத்தை வாங்கும்போது இருந்தது. பொறுப்பு அந்த இடத்திலே வைக்கப்பட்டது.

இந்த நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. சுவிஸ் குற்றவியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு, செயலின்போது அது தவறென்று அறியும் ஆற்றலோ, அறிந்தபடி நடக்கும் ஆற்றலோ இல்லாதவர் தண்டனைக்குரியவர் அல்லர் என்கிறது. ஆற்றல் ஓரளவு குறைந்திருந்தால் தண்டனை குறையும். ஆனால் அந்த நிலை வராமல் தடுத்திருக்கக்கூடியவராகவும், அதில் தான் என்ன செய்வான் என்று முன்கூட்டி அறிந்திருக்கக்கூடியவராகவும் இருந்தால் இச்சலுகை இல்லை. சாகதரின் கிண்ணம் இங்கேயும் வந்துவிட்டது பாருங்கள். இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலும் 77ஆம் பிரிவு சித்த சுவாதீனம் அற்றவரின் செயல் குற்றமாகாது என்றே கூறுகிறது.

நடுவில் ஒன்று. மருந்தை நிறுத்தியதால் நோய் திரும்பியவரையும் சாகதரின் கணக்கில் எழுதிவிடச் சிலர் அவசரப்படுவர். தனக்கு நோய் இருப்பதை உணராமையே சில மனநோய்களின் ஒரு கூறு என்று வைத்தியர்கள் கூறுகின்றனர். கிண்ணத்தை வாங்கியவரும் இவரும் ஒன்றல்லர். குடியும் நீண்டகாலம் முற்றினால் நோயாகிவிடும். அங்கேயும் வைத்தியம்தான் வேண்டும். ஆயினும் வெள்ளிக்கிழமை மாலை சுயநினைவோடு போத்தலைத் திறந்துவிட்டு, இரவு மனைவியை அடித்து, சனிக்கிழமை காலை "எனக்கு ஒன்றும் தெரியாது" என்பவர் கக்கரின் பின்னால் வந்து ஒளியக்கூடாது.

கிரேக்க வழிவந்த மிலிந்தன் என்னும் அரசன் நாகசேனத் தேரரிடம் கேட்ட கேள்விகள் அடங்கிய நூல் ஒன்று உண்டு. அதிலும் இவ்விடயம் வருகிறது. சித்தம் கலங்கியவன் செய்த தீமை இம்மையிலும் பெரிய பழியன்று, மறுமையிலும் பெரிய பயன் தருவதன்று என்கிறார் தேரர். உம்முடைய நாட்டில் பித்தன் ஒருவன் மரணத்துக்குரிய குற்றம் செய்தால் என்ன தண்டனை என்று அரசனைத் திருப்பிக் கேட்கிறார். அவனுக்கென்ன தண்டனை, அடித்துத் துரத்திவிடுவோம், அவ்வளவே என்கிறான் அரசன். பாருங்கள், பித்தனுக்குத் தண்டனை இல்லை என்று நீரே ஒப்புகிறீர் என்று தேரர் வாதத்தை முடித்துவிடுகிறார். வாதம் வென்றது சரி. ஆனால் அந்த அடி? அதைப்பற்றித் தேரர் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அந்த இடத்தில் சற்று மனக்குறைதான்.

ஏனெனில் குற்றமில்லை என்று ஒப்புக்கொண்டபின்னும் அடி நிற்பதில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளரை வைத்திருந்த ஓலைக்கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓடமுடியாமல் 28 பேர் மாண்டனர். அவர்கள் எவரையும் யாரும் குற்றவாளி என்று சொல்லவில்லை. சங்கிலி மட்டும் இருந்தது. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுவித்த மணிமேகலையின் நாட்டில் இது நடந்தது. அதே காப்பியத்தில் புகார் நகரத் தெருவிலே ஒரு பித்தன் வருகிறான். அலரியும் எருக்கும் மாலையாகச் சூடி, கந்தல் உடுத்து, அழுவான், விழுவான், தொழுவான், தன் நிழலோடு சண்டையிடுவான். அவனைச் சுற்றி நிற்கும் மக்களைச் சாத்தனார் எப்படிக் காட்டுகிறார்? கல்லெறிபவராக அல்ல. அவனுடைய துன்பத்தைக் கண்டு வருந்தி நிற்பவராக.

சுவிஸ் நாட்டவரும் இதில் தூயவர் அல்லர். 1981 வரை இங்கே, வேலை செய்ய மனமில்லாதவன், ஒழுக்கம் கெட்டவள் என்று முத்திரை குத்தி, நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இல்லாமல் ஆயிரக்கணக்கானோரை அதிகாரிகள் நிறுவனங்களில் அடைத்து வைத்தார்கள். அவர்களில் நோயுற்றவரும் இருந்தனர், வறியவரும் இருந்தனர். 2013 ஏப்ரல் 11ஆம் நாள் பேர்ணில் மத்திய அமைச்சர் சிமொனெற்றா சொமருகா அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவருக்கு 25,000 பிராங்க் வழங்கப்பட்டது.

அதே நாட்டில் மறுபக்கமும் உண்டு. ஊரிலிருந்து வரும் விருந்தினரை நாம் தவறாமல் கூட்டிச் செல்லும் ரைன் நீர்வீழ்ச்சிக்குச் சற்றுக் கீழே, ஆற்றின் நடுவே, ரைனவ் என்னும் பழைய மடம் இருக்கிறது. அது மனநோயாளர் நிலையமாக இருந்த காலத்தில், 1886 முதல் 1898 வரை, ஒய்கன் புளொய்லர் என்னும் வைத்தியர் அங்கே நோயாளருடன் சேர்ந்தே வாழ்ந்தார். அவருடைய தமக்கையும் மனநோயால் பாதிக்கப்பட்டவர். பின்னர் சூரிச் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையின் தலைவரானார். ஸ்கிசோஃப்ரீனியா என்று இன்று உலகமெங்கும் வழங்கும் பெயரை 1908இல் வைத்தவர் அவரே. நோயாளியின் பேச்சில் பொருள் இல்லை என்று தள்ளாமல் காது கொடுத்துக் கேட்டவர் என்று அவரைச் சொல்வர்.

இனி, எம்மவர் நாவில் மிக எளிதாக வரும் ஒரு சொல்லுக்கு வருவோம். முன்வினை. இப்படி ஒரு வருத்தம் வரப் போன பிறப்பில் என்ன செய்தாரோ என்கிறோம். நோயாளி இப்பிறப்பில் செய்ததற்குப் பொறுப்பில்லை என்று விட்டுவிட்டு, முற்பிறப்பில் செய்ததற்காகப் பிடித்துக்கொள்கிறோம்! புத்தரிடம் மோலிய சிவகர் என்னும் பரிவிராசகர் இதையே கேட்டார். மனிதன் அனுபவிப்பதெல்லாம் முன்வினையால்தான் என்று சிலர் கூறுகிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார். புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்கினார். பித்தம், சிலேட்டுமம், வாதம், இம்மூன்றும் கலந்தது, பருவ மாற்றம், பிழையான நடைமுறை, பிறர் தாக்குதல் போன்ற திடீர் ஊறு, இறுதியாக வினைப்பயன். எட்டில் ஒன்றுதான் வினை. எல்லாம் முன்வினையே என்பவர்கள் தாமே கண்டறியக்கூடியதையும், உலகம் ஒப்புக்கொண்டதையும் மீறிப் பேசுகிறார்கள் என்றார். வாத பித்த சிலேட்டுமம் எமது சித்த வைத்தியரும் சொல்வதுதான். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரமும் அங்கிருந்தே தொடங்குகிறது.

எட்டில் அந்தத் தாக்குதல் என்பதைச் சற்றே நிறுத்திப் பாருங்கள். குண்டுவீச்சும், இடப்பெயர்வும், தடுப்பு முகாமும், காணாமற்போன பிள்ளையும் ஒரு மனத்தை என்ன செய்யும் என்பதை யாழ்ப்பாணத்திலும் தெல்லிப்பழையிலும் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் தனி நூலாகவே எழுதினார். இந்த நாட்டின் சிற்றூர்களில் இரவு மூன்று மணிக்கு எழுந்து கதவுப் பூட்டைச் சரிபார்க்கும் எம்மவரின் வருத்தத்துக்கு முற்பிறப்பில் காரணம் தேடிப் போகவேண்டியதில்லை. இப்பிறப்பிலேயே வேண்டிய அளவு இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. நோயாளிக்குக் குற்றமில்லை என்று சொல்லும்போது, அடிபட்டவருக்கு வலியில்லை என்று ஆகிவிடாது. மனநோய் உள்ளவர் பெரும்பாலோர் எவரையும் துன்புறுத்துவதில்லை. ஆனால் ஒரு வீட்டில் அது நடந்தால், "அவருக்கு வருத்தம்தானே, பொறுத்துப் போ பிள்ளை" என்று மனைவியை மட்டும் உபதேசிப்பது தருமம் அல்ல. சித்தம் தெளிவாக உள்ள நாம்தான் அங்கே பொறுப்பாளிகள். சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, நிதானம் இல்லாதவர் விளைவித்த நட்டத்தையும், நியாயம் வேண்டுமாயின், அவரே ஈடுசெய்யுமாறு நீதிபதி ஆணையிடலாம் என்கிறது. பழி வேறு, ஈடு வேறு. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சில காலம் வேறிடத்தில் தங்கும் மனைவி கணவனைக் கைவிட்டவள் அல்லள். கக்கர் இல்லாமலும் கூட்டம் நடக்கலாம் என்று புத்தர் சொன்னது மற்றவர்களுக்கும் ஒரு வாழ்வு உண்டு என்பதற்காகத்தான்.

தெளிந்த மனம் என்று நாம் சொல்லிக்கொள்வதும் எவ்வளவு தூரத்துக்கு? உடல் நோயில்லாமல் ஓராண்டு, பத்தாண்டு, நூறாண்டு கூட இருப்பவர் உண்டு, மனநோய் ஒரு கணமும் இல்லாதவரோ மாசு அறுத்த ஞானியரைத் தவிர அரிது என்று புத்தர் கூறியதாக ஒரு சூத்திரம் உண்டு. எல்லாருக்கும் கொஞ்சம் விசர்தான் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதும் ஏறக்குறைய அதுவே.

படாசாரையின் கதையைச் சொல்ல வேண்டும். சாவத்தி நகரத்துச் செல்வர் வீட்டுப் பெண். விரும்பியவனுடன் ஊரைவிட்டுப் போனவள். இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு திரும்பும் வழியில், ஒரே நாளுக்குள், கணவன் பாம்பு தீண்டி இறந்தான். பச்சைக் குழந்தையைப் பருந்து தூக்கிப் போயிற்று. மூத்தவனை ஆற்று வெள்ளம் கொண்டுபோயிற்று. ஊர் எல்லையை அடைந்தால், பெய்த மழையில் வீடு இடிந்து தாய், தந்தை, சகோதரன் மூவரும் ஒரே சிதையில் எரிவதைக் கண்டாள். சித்தம் கலங்கியது. உடுத்த துணி நழுவியதும் தெரியாமல் தெருத்தெருவாய் அலைந்தாள். மக்கள் குப்பையையும் மண்ணாங்கட்டியையும் அவள்மேல் எறிந்து துரத்தினர். புத்தர் உபதேசித்துக்கொண்டிருந்த சபைக்குள் அவள் நுழைந்தபோது, விசரியை உள்ளே விடாதீர்கள் என்று தடுத்தனர். தடுக்காதீர்கள் என்றார் புத்தர். அருகில் வந்தவளைத் தங்காய் என்று அழைத்து, நினைவைத் திரும்பப் பெறு என்று மட்டும் சொன்னார். உடுப்பில்லாமல் நிற்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, குந்திவிட்டாள். ஒருவர் தம் மேலாடையை எறிந்தார்.

2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கரையிலிருந்து வெளியே வந்த பெண்களை நேரிலோ படத்திலோ பார்த்தவர்களுக்கு இந்தக் கதைக்கு உரை வேண்டியதில்லை.

அவள் துறவு பூண்டாள். விநயத்தை, அதாவது எது குற்றம், எது குற்றமன்று என்று ஆராயும் அந்தக் கலையை, கற்றுத் தேர்ந்தாள். தம் சங்கத்துப் பெண் துறவியரில் விநயம் அறிந்தோருள் முதல்வி படாசாரையே என்று புத்தர் பெயர் சொல்லி அறிவித்தார். குப்பை எறிந்து துரத்தப்பட்டவளிடம்தான் பின்னர் மற்றவர்கள் தங்கள் பிழையைக் கொண்டுவந்து தீர்ப்புக் கேட்டார்கள்.

கடைசியாகச் சில நடைமுறைச் செய்திகள். வீட்டில் ஒருவரின் நடத்தை திடீரென மாறினால் முதலில் குடும்ப வைத்தியரிடம் போங்கள். அர்ச்சனையும் செய்யலாம், நூலும் கட்டலாம், யாரும் தடுக்கவில்லை, ஆனால் வைத்தியரைப் பிற்போடாதீர்கள். மனநல வைத்தியரின் சிகிச்சை அடிப்படை மருத்துவக் காப்புறுதியில் அடங்கும். உளவியலாளரின் சிகிச்சையும் வைத்தியரின் பரிந்துரையோடு 2022 யூலை முதல் அதில் சேர்ந்துள்ளது. வைத்தியர் நோயாளியின் இரகசியத்தை வெளியிட்டால் இந்நாட்டில் அது குற்றம். ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம். ஆபத்தான வேளையில் 144க்கு அழையுங்கள், அடிதடி என்றால் 117. இரவில் யாரிடமாவது மனம்விட்டுக் கதைக்க வேண்டுமென்றால் 143. அது டொச், பிரெஞ்சு, இத்தாலி மொழிகளில் உண்டு. எங்கள் பிள்ளைகளுக்கு 147.

பூசை நேரத்தில் உரக்கப் பேசுகிறார், பாதியில் எழுந்து நடக்கிறார் என்பதற்காகச் சிலர் தம் வீட்டு நோயாளியை அழைத்து வருவதில்லை என்று அறிகிறேன். கூட்டி வாருங்கள். கதவுக்கு அருகில், வேண்டியபோது வெளியே போகக்கூடிய இடத்தில் இருத்தலாம். தேவாரத்துக்கு நடுவே ஒரு குரல் அதிகமாகக் கேட்டால் ஓதுபவர் சற்று நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்குவார்.